நஞ்சப்பனின் நான்காம் கட்டம்

"நாளைக்குத் தொழிலை விக்கறேனுங்க அம்மா. ஒண்ணு தடுங்க, இல்லைன்னா வாழ்த்துங்க."

நஞ்சப்பன் கோவையில் கிரைண்டர் செய்து விற்பவர். வயது ஐம்பத்தெட்டு. அவருடைய குரு நிறைமதி அம்மைக்கு முப்பத்து நாலு. மடத்து வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் நஞ்சப்பனுக்கு அந்த வயசுக் கணக்கு மறந்துவிடும்.

"ஏன் விக்கறீங்க?"

நஞ்சப்பன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். கிரைண்டர் சங்கத்தில் பயிற்சி வகுப்பு வைத்து எல்லா முதலாளிகளுக்கும் கொடுத்த தாள். நாலு கட்டம்: பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்து. நிரப்பிப் பார்த்தால் தொழிலின் எதிர்காலமே தெரிந்துவிடும் என்று வகுப்பெடுத்தவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தார்.

பலம் காலியாக இருந்தது. பலவீனத்தில் இடம் போதாமல் பொடி எழுத்து. அதில் முதல் வரி: 'ஒரு தடவை வாங்கினவர்கள் திரும்பி வருவதே இல்லை.'

ஆபத்தில் ஒரே ஒரு பெயர். எதிர்க்கடை திருமலைராஜன்.

"முப்பது வருசப் பாடுங்க அம்மா. பதினெட்டுப் பேரு என்னை நம்பி இருக்காங்க. வாங்கற கம்பெனி அவங்களை வெச்சுக்காதாமுங்க."

"இதை எழுதினது யாரு?"

"நாந்தானுங்க."

"நாலு கட்டமும்?"

"நாலுந்தானுங்க."

அம்மை தாளை மடித்தார். திருமலைராஜன் பெயர் மட்டும் மேலே தெரியும்படி நஞ்சப்பன் கையில் வைத்தார்.

"உங்களைப் பத்தி இவரு எழுதினதை இன்னும் பாக்கலையே."

நஞ்சப்பனின் முகம் சுண்டிப்போனது. எதிர்க்கடை திறந்து ஆறு வருசம், அந்த ஆளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் குரு சொல்லைத் தட்டியும் பழக்கமில்லை.

திருமலைராஜன் கடையில் நிற்க இடமில்லை. இந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் நஞ்சப்பன் தினமும் வயிறெரிந்தார். உள்ளே போன பிறகுதான் கவனித்தார், வந்திருந்தவர்கள் அங்கே வாங்கின பழைய கிரைண்டரை ஆளுக்கொன்றாகச் சுமந்துகொண்டு நின்றார்கள்.

"வாங்க," என்றார் திருமலைராஜன். "போறதுக்கு முந்தி என்னையப் பாத்து ஒரு வாட்டி சிரிச்சுட்டுப் போலாம்னு வந்தீங்களா?"

"என்னையப் பத்தி என்ன எழுதியிருக்கீங்கன்னு பாக்கோணுமுங்க."

திருமலைராஜன் இழுப்பறையைத் திறந்து, அதே நாலு கட்டத் தாளை மேசையில் போட்டார். "பாத்துக்குங்க. இனி மறைச்சு என்ன ஆகப்போகுது."

ஆபத்துக் கட்டத்தில் நஞ்சப்பன் என்ற பெயர். அதன் கீழே ஒரு வரி.

'இவரிடம் ஒரு தடவை வாங்கினவர்கள் திரும்பி வருவதே இல்லை. ரிப்பேருக்குக் கூட.'

நஞ்சப்பன் இரண்டு தடவை படித்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். சந்தோஷம் தாங்காமல் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"இதுக்கொரு வழி தேடித் தேடி ஆறு வருசம் போச்சுங்க," என்றார் திருமலைராஜன். "நீங்க விக்கறீங்கன்னு கேள்விப்பட்டுத்தான் நேத்து நிம்மதியாத் தூங்கினேன்."

நஞ்சப்பன் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"அந்த ஒரு தூக்கத்தோட சரிங்க."