அடைத்த காட்டில் ஒரு வாய்ப் புல்

மழை குறைந்த மேட்டு நிலத்தில், ஆடு மாடுகள் மேய்வதற்கென்றே விட்ட ஒரு கொரங்காடு இருந்தது. நடுவே ஓடிய கிளுவை முள்வேலி அதை இரண்டாகப் பிரித்தது. ஒரு பக்கத்தில் மேயும்போது மறு பக்கத்தை அடைத்து வைப்பது அங்கே வழக்கம். கொழுக்கட்டைப் புல் முற்றி விதை உதிர்ந்த பிறகுதான் அடைத்த பக்கத்தில் கால் வைக்கலாம். காற்றில் பரவும் அந்த விதைதான் அடுத்த மழைக்கு இரண்டு பக்கமும் முளைக்கும். காரி என்ற காளை அந்த வழக்கத்தைக் காத்துவந்தது.

அந்த ஆடி மாதம் மேய்ந்த பக்கம் வெறும் மண்ணாகிவிட்டது. சினையாயிருந்த மயிலைப் பசு வேலியோரம் நின்று மறு பக்கத்தையே பார்த்தது. அங்கே புல் அப்போதுதான் பூத்திருந்தது.

"என்னக்கா, பார்த்தே வயிறு நிறைஞ்சிருச்சா?" என்றது வெள்ளாடு.

"எனக்காக இல்லை. கன்று பிறந்தா மடியில பால் இருக்குமான்னு பயமா இருக்கு."

"பயந்தா பால் ஊறுமா? உள்ளே போக்கா! நீ ஒரு வாய் தின்னா காடு தீர்ந்தா போயிரும்?"

காரிக்கு இது கேட்டுவிட்டது. "விதை விழட்டும் மயிலை! அதுவரைக்கும் வேலங்காயைத் தின்னு சமாளி!"

"உங்களுக்கென்னங்க! உங்க வயித்துல ஒரு உயிரா இருக்கு?"

காரி வேலியோரமாகவே காவலுக்குப் படுத்துக்கொண்டது.

மறுநாள் காரி தண்ணீர்த் தொட்டிக்குப் போன நேரம் பார்த்து, மயிலை கொம்பால் வேலியை முட்டிப் பிளந்தது. உள்ளே கூடு கட்டியிருந்த கவுதாரி பதறி ஓடிவந்தது.

"ஏனுங்கக்கா, இதென்ன வேலை! என் முட்டையெல்லாம் இங்கேதானே கிடக்குது!"

"ஒரே ஒரு வாய் ஆத்தா. தின்னுட்டுப் போயிடறேன்!"

மயிலை சொன்னபடியே செய்தது. ஒரு வாய் தின்றது, வெளியே வந்தது. ஆனால் பிளந்த வேலி பிளந்தபடியே இருந்தது. அந்த வழியாக வெள்ளாடு நுழைந்தது. அதன் பின்னால் செம்மறிகள். அவற்றின் பின்னால் மற்ற மாடுகள்.

"போதும்! வெளியே வாங்க!" என்று மயிலை கத்தியது.

"ஏன், நீ மட்டும்தான் பிள்ளைத்தாய்ச்சியா?" என்றது ஒரு செம்மறி. "எங்களுக்கும் குட்டி இருக்கு!"

காரி மூச்சிரைக்க ஓடிவந்து பார்த்தபோது பூ இல்லை, தாள் இல்லை. தூரைக்கூடப் பிடுங்கித் தின்றிருந்தன. கவுதாரியின் முட்டைகள் குளம்படியில் நசுங்கிக் கிடந்தன. காரி யாரையும் திட்டவில்லை. அதுதான் மயிலைக்கு அதிகம் வலித்தது.

ஐப்பசியில் நல்ல மழை பெய்தது. எல்லாம் காட்டைப் பார்த்துக் காத்திருந்தன. விதை விழாத மண்ணில் நெருஞ்சியும் எருக்கும்தான் முளைத்தன.

கார்த்திகையில் மயிலை கன்று போட்டது. கன்று மடியை முட்டி முட்டிப் பார்த்தது.

"அம்மா, பால் வரலையே!"

"புல் இருந்தா வரும் சாமி."

"புல்லுன்னா எப்படிம்மா இருக்கும்?"

"காத்தடிச்சா மொத்தமா ஒரு பக்கம் சாயும். அதோட கதிர் மூஞ்சியில பட்டா கூசும்..." மயிலை சொல்லிக்கொண்டே போனது. சொல்லி முடிப்பதற்குள் கன்றின் தலை சாய்ந்தது. அது பிறகு எழவில்லை.

நாளைக்கென்று எல்லோரும் சேர்ந்து காப்பதை, நியாயமான பயத்துக்காகக்கூட ஒருவர் உடைத்தால், அவர் யாருக்காக உடைத்தாரோ அவருக்கும் நாளை இல்லாமல் போகும்.