கழுதை கண் மூடித் தின்ற புல்

மாட்டுக்கு மேல்வரிசையிலும் முன்பல் இருந்த அந்தக் காலத்தில், விலங்குகளுக்குப் பேச்சும் இருந்தது. பேச்சு இருந்தால் வம்பு இல்லாமல் போகுமா? இந்தக் கதை ஒரு பசுவின் வயிற்றெரிச்சலில்தான் தொடங்குகிறது.

நொய்யல் ஆற்றுக்குத் தெற்கே ஒரு கொறங்காடு இருந்தது. கொறங்காடு என்றால் உழவே படாத மேய்ச்சல் நிலம். கொழுக்கட்டைப் புல்லும், நடுநடுவே வெள்வேல மரங்களுமாகக் கிடக்கும். அந்தக் காட்டுக்குக் குறுக்கே கிளுவைமுள் தானாகவே வேலிபோல் வளர்ந்து, ஆள் நுழையும் அளவுக்கு ஒரே ஓர் இடத்தில் மட்டும் சந்து விட்டிருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் மயிலை என்ற பசு மேய்ந்தாள். அந்தப் பக்கம் பொதியன் என்ற கழுதை மேய்ந்தான். மயிலைக்கு அப்போதுதான் தலைக்கன்று பிறந்திருந்தது. எழுந்து நின்றால் கால் நடுங்குகிற சின்னக் கிடாரிக் கன்று. தாய்ப்பாலைத் தவிர அதற்கு வேறு கதி கிடையாது.

மயிலையின் பக்கம் பள்ளம். மழைத்தண்ணீர் வந்து தங்குகிற இடம் என்பதால் புல் முழங்கால் உயரத்துக்கு நிற்கும். பொதியன் பக்கம் மேடு. சரளையும் கல்லுமாக இருக்கும், புல் அங்கொன்றும் இங்கொன்றும்தான். நியாயமாகப் பார்த்தால் பொறாமைப்பட வேண்டியவன் கழுதை. ஆனால் பொறாமை என்றைக்கு நியாயம் பார்த்தது?

விஷயம் இதுதான். பொதியன் தின்னும்போது கண்ணை மூடிக்கொள்வான். ஒரு வாய் புல்லைக் கடிப்பான், கண் மூடும், காதுகள் இரண்டும் தொங்கிப்போகும், நிதானமாக மெல்லுவான். விழுங்கிய பிறகு தரையைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டுவான். அதற்கப்புறம்தான் அடுத்த வாய்.

இதை மயிலையால் தாங்க முடியவில்லை. இவ்வளவு ருசித்துத் தின்ன அவனுக்கு அங்கே என்ன கிடைக்கிறது? முழங்கால் உயரப் புல்லில் நின்றுகொண்டு நாம் கடனே என்று தின்கிறோம், மேட்டில் கிடக்கிற கழுதை கண் சொக்கித் தின்கிறதே என்று அவளுக்கு உள்ளே எரிந்தது. ஒருநாள் வேலியோரம் வந்து கேட்டே விட்டாள்.

"ஏப்பா பொதியா, அப்படி என்னத்தத் திங்கற அங்க?"

"கொழுக்கட்டைப் புல்லுதானுங்க அம்மிணி. உங்க பக்கம் இருக்கறதேதானுங்க."

மயிலை நம்பவில்லை. இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவன் கட்டாயம் எதையோ ஒளித்துவைக்கிறான் என்று முடிவுகட்டினாள். அன்றிலிருந்து அவள் மேய்ந்த மேய்ச்சலைப் பார்க்க வேண்டுமே. வாய் இந்தப் பக்கம், கண் அந்தப் பக்கம். கைக்கு எட்டிய புல்லை என்று சொல்லலாம் என்றால் மாட்டுக்குக் கை இல்லை. வாய்க்கு எட்டியதையெல்லாம் கடித்தாள், மெல்லாமல் விழுங்கினாள். மென்றுகொண்டிருந்தால் அவன் என்ன தின்கிறான் என்று சரியாகக் கவனிக்க முடியாதல்லவா?

மெல்லாத புல் வயிற்றில் வெறும் பாரமாகக் கிடந்தது. பாரம் பாலாகுமா? மடி நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே வந்தது. கன்று முட்டி முட்டிப் பார்த்துவிட்டு நக்கிக்கொண்டு நிற்கும். மயிலைக்கு அது கண்ணில் பட்டது, மனதில் படவில்லை. சாயங்காலம் கன்றிடம் அவள் பேசுவதும் பொதியன் கதைதான். காலையில் அவன் எங்கே நின்றான், மத்தியானம் எதைக் கடித்தான் என்று புலம்பித் தீர்ப்பாள்.

கடைசியில் இடம் மாற்றிக்கொள்ளலாமா என்று பொதியனிடம் கேட்டாள். பொதியன் ஒரு நொடிகூட யோசிக்காமல் சரி என்றான். மேட்டுக்குப் போய்ச் சேர்ந்த மயிலைக்குக் கிடைத்தது காய்ந்த புல்லும் சரளைக்கல்லும்தான். திரும்பிப் பார்த்தால், பள்ளத்தில் நின்ற கழுதை அங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு மென்றுகொண்டிருந்தான்.

இப்போது அவளுக்கு எரிச்சல் இரண்டு மடங்கானது. இவ்வளவு சுலபமாக மாற்றிக்கொண்டான் என்றால், நம் பக்கத்தில் நமக்கே தெரியாமல் ஏதோ இருந்திருக்கிறது, அதை அவன் தெரிந்துவைத்திருக்கிறான். அப்படித்தானே? என் இடம் எனக்கு வேண்டும் என்று மறுநாளே சண்டைக்குப் போனாள். பொதியன் அதற்கும் சரி என்று சொல்லிவிட்டு, மேட்டுக்கு ஏறிப்போய்த் தன் பழைய மூலையில் தலையைக் குனிந்தான். கண் மூடியது, காது தொங்கியது.

அந்த இடத்தில் மயிலைக்குப் பொறுமை போய்விட்டது. முள் கீறுவதையும் பார்க்காமல் சந்துக்குள் புகுந்து பாய்ந்துபோய்க் கழுதையைக் கொம்பால் தள்ளினாள். அவன் வாய் இருந்த அதே இடத்தில் தன் வாயை வைத்தாள். அவன் ஏதோ சொல்ல வந்ததைக் காதில் வாங்கவில்லை. அத்தனை நாள் ஆத்திரத்தையும் சேர்த்துவைத்து ஒரு கடி கடித்தாள்.

அங்கே புல்லுக்கு நடுவே ஒரு வெங்கச்சாங்கல் புதைந்து கிடந்தது. இரும்பையே பதம் பார்க்கிற அந்த வெள்ளைக் கல்லில் மயிலையின் மேல்வரிசை முன்பற்கள் அத்தனையும் பொலபொலவென்று உதிர்ந்தன.

பொதியன் எழுந்து வந்து கல்லையும் பார்த்தான், அவளையும் பார்த்தான். அவனுக்குக் கோபப்படக்கூடத் தோன்றவில்லை. "சொல்றதுக்குள்ள கடிச்சுப்போட்டீங்களே. அந்தக் கல்லோரம் பனி தங்குமுங்க. அதனால நாலு புல்லு பச்சையா நிக்கும். அதைத்தானுங்க தின்னுட்டு இருந்தேன்," என்றான்.

அந்த நாலு புல்லுக்காகவா என்று மயிலைக்கு அவமானமாகப் போயிற்று. வாயில் ரத்தத்தோடு தன் பக்கம் திரும்பி வந்து வெள்வேல மரத்தடியில் படுத்தாள். முழங்கால் உயரப் புல் சுற்றிலும் நின்றது, கடிக்கத்தான் முடியவில்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கன்று வந்து மடியை முட்டியது. ஒரு சொட்டு வரவில்லை. இன்னொரு தடவை முட்டப் போன கன்று முடியாமல் முன்னங்கால் மடங்கி அவள்மேலேயே சரிந்தது.

"அம்மா, இன்னைக்கு நீ ஒண்ணுமே திங்கலயா?"

"தின்னேன் சாமி. விடிஞ்சதுல இருந்து தின்னேனே."

"என்ன தின்னே?"

மயிலை சொல்லத் தொடங்கினாள். காலையில் வேலியோரத்து அருகம்புல். வெயில் ஏறினதும் மரத்தடியில் உதிர்ந்து கிடந்த வேலங்காய். அப்புறம் கல்லோரத்துப் பச்சைப் புல்.

"அதெல்லாம் பொதியன் மாமன் தின்னதும்மா," என்றது கன்று. "நீ என்ன தின்னே?"

மயிலை யோசித்துப் பார்த்தாள். கழுதை கடித்த ஒவ்வொரு வாயும் அவளுக்கு மனப்பாடம். தான் கடித்ததில் ஒன்றுகூட நினைவில்லை. வயிறு நிறைய இருந்தும் என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. பக்கத்தில் கன்றின் விலா மேலும் கீழும் ஏறி இறங்குவதைப் பார்த்தபோது அவளுக்கு முதல் முறையாகப் பயம் வந்தது. இந்தக் கன்று போய்விட்டால் அதைக் கொன்றது கல்லுமில்லை, கழுதையுமில்லை, நாம்தான் என்று புரிந்தது.

தாடையைத் தரையில் வைத்தாள். "எனக்கு நீ குடுத்தது எதுன்னே எனக்குத் தெரியல," என்று மண்ணிடம் சொன்னாள். "ஒரே ஒரு தடவ காட்டு. அதப் பாத்துத் தின்னுடறேன்."

தொண்டைக்கு அடியில் ஏதோ உருண்டது. காலையில் விழுங்கிய புல் ஒரு கவளமாக மேலே ஏறி வந்து வாயில் நின்றது. முன்பல் போனால் என்ன, கடைவாய்ப் பல் இருந்தது. மெதுவாக மென்றாள். கொழுக்கட்டைப் புல். அதில் பால் பிடித்த கதிர் ஒன்று. இனித்தது. இவ்வளவு நாள் தின்ற புல்தான், இப்படி இனிக்கும் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. இது நீ குடுத்ததா என்று மண்ணைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு விழுங்கினாள். அடுத்த கவளம் வந்தது. அதில் யாரும் விதைக்காத காட்டுத் துளசி ஒரு கொழுந்து மணத்தது. அதற்கும் தலையாட்டினாள். அவளை அறியாமலே கண் மூடியது, காது தொங்கியது.

இருட்டுக் கட்டுவதற்குள் மடி கனத்தது. மூக்கருகே காம்பு நனைந்ததும் கன்று படுத்தபடியே பற்றிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் வாயெல்லாம் நுரையோடு எழுந்து நின்று, வாலைத் தூக்கிக்கொண்டு மறுபடி முட்டியது.

அதோடு மயிலை திருந்திவிட்டாள் என்று சொன்னால் அது பொய். மறுநாள் காலையிலேயே கழுத்தை நீட்டி வேலிக்கு அப்பால் எட்டிப் பார்த்தாள். கண் கேட்டால்தானே? மேல்வரிசைப் பல்லும் திரும்ப முளைக்கவில்லை; நாக்கால் சுருட்டிப் பிடுங்கித் தின்னப் பழகிக்கொண்டாள். ஆடும் எருமையும் எப்படி இதே வரிசையில் வந்து சேர்ந்தன என்று என்னைக் கேட்காதீர்கள். மயிலையின் மடியைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கும். பொதியனுக்கு மட்டும் இந்த அசைபோடும் வேலை தேவைப்படவில்லை. அவன் தின்னும்போதே தின்றுவிடுகிறவன்.

அன்று அந்த வெள்வேல மரத்தடியில் பழகியதைத்தான் மாடுகள் இன்றுவரை விடவில்லை: பகலெல்லாம் அடுத்த காட்டின்மேல் கண்ணை வைத்து அள்ளி விழுங்கினாலும், பொழுது சாய்ந்ததும் காலை மடக்கிப் படுத்து, தமக்குக் கிடைத்ததை ஒவ்வொரு வாயாக மேலே கொண்டுவந்து, கண்ணை மூடி மெல்லுகின்றன.