குட்டைத் தண்ணீரும் துருவியின் கேள்விகளும்

உசிலங்காட்டின் நடுவே ஒரு குட்டை இருந்தது. மான், முயல், காட்டுப்பன்றி, கீரி எல்லாம் அதை நம்பித்தான் பிழைத்தன. அந்த வருஷக் கோடையில் குட்டை பாதிக்கு மேல் வற்றிவிட்டது. நடுவில் ஒரே ஒரு நாள் மழை வெளுத்து வாங்கியது. மழை விட்ட நாலாம் நாள், காட்டில் வயிற்றுப்போக்கு பரவியது.

முதல் சாவு முயல் வளையில்தான் விழுந்தது. செம்பி என்ற முயலுக்கு நாலு குட்டிகள். மூன்று நாளில் மூன்று போய்விட்டன.

காட்டின் தலைவன் கட்டையன் என்ற காட்டுப்பன்றி. அது குட்டைக்கரையில் கூட்டம் கூட்டியது.

"இது அந்த முள்ளம்பன்றிங்க கொண்டுவந்த நோய்! மலைக்கு அந்தப் பக்கத்துலேருந்து அதுங்க வந்து ஒரு மாசம்கூட ஆகல. பின்னாலேயே நோயும் வந்துடுச்சு. நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள அத்தனையையும் காட்டை விட்டு விரட்டணும்!"

"விரட்டணும்! விரட்டணும்!" என்று எல்லா மிருகங்களும் கத்தின.

துருவி என்ற கீரி மட்டும் கத்தவில்லை. எதையும் துருவித் துருவிக் கேட்பதால் அதற்கு அந்தப் பெயர். பாம்புப் புற்றைக் கண்டால்கூட அதற்கு எத்தனை வாசல் என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பாம்பைத் தேடும்.

"கட்டையண்ணே, ஒரு சந்தேகம்!" என்றது துருவி. "மழைக்கு முன்னால முள்ளம்பன்றிங்க நல்லாத்தானே ஓடியாடித் திரிஞ்சுது? நோய் அதுங்க கொண்டுவந்ததுன்னா, வந்தப்பவே படுத்திருக்கணுமே! இப்ப நம்மகூடச் சேர்ந்து அதுங்களும் படுத்துக் கிடக்குதே, ஏன்?"

கட்டையன் உறுமியது. "உனக்கு எப்பவும் ஏன், எதுக்குதான்! குட்டிங்க செத்துக்கிட்டிருக்கு. நாளைக்குப் பொழுது சாயறவரைக்கும் யாரை வேணும்னாலும் கேட்டுக்கிட்டுத் திரி. அதுக்கப்புறம் குறுக்கே வராதே!"

மறுநாள் விடிந்ததும் துருவி கிளம்பியது. முதலில் செம்பியின் வளைக்குப் போனது. நாலாவது குட்டி பொட்டு, கண்கள் உள்ளே போய், உதடு காய்ந்து கிடந்தது.

"செம்பியக்கா, இதுக்குத் தண்ணி குடுத்தீங்களா?"

"ஐயோ! குடுத்தா இன்னும் போகுமே. நேத்துலேருந்து ஒரு சொட்டுகூடக் காட்டல."

"நோய் வர்றதுக்கு முன்னால என்ன தின்னுச்சு? எங்கே குடிச்சுது?"

"அறுகம்புல்லு தின்னுச்சு. குட்டையில குடிச்சுது. வேற எங்கே போவோம்?"

துருவி மான்களிடம் கேட்டது. அவை தழை தின்றிருந்தன, குட்டையில் குடித்திருந்தன. முள்ளம்பன்றிகளிடம் கேட்டது. அவை கிழங்கு தின்றிருந்தன; குட்டையில் குடித்திருந்தன. தின்றது வேறு வேறு. குடித்தது ஒன்று.

'தண்ணியா இருக்குமோ?' என்று துருவி யோசித்தது. 'இருக்கலாம். ஆனா குட்டையில குடிக்காதவங்க எப்படி இருக்காங்கன்னு பார்க்காம எப்படிச் சொல்றது?'

"நோவு வராத வீடு எதையாவது பார்த்தீங்களா?" என்று முள்ளம்பன்றிகளின் பெரியவரான சிலும்பனைக் கேட்டது.

சிலும்பன் ஈனக் குரலில் சொன்னது: "ஓடைப் பக்கம் கால் ஊனமான ஒரு மான் இருக்கு, பூவாள்னு பேரு. அது வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்க."

துருவி வறண்ட ஓடைக்கு ஒரே ஓட்டமாக ஓடியது.

"குட்டைக்கரைச் சேத்துல என் கால் வழுக்குது தம்பி," என்றது பூவாள். "அதனால மழை விட்டதுலேருந்து அங்கே போறதே இல்ல. இந்த ஓடை மணலைக் குளம்பால தோண்டுறேன். ஊறி வர்ற தண்ணியைக் குடிக்கிறோம். என் பையன் மட்டும் ஒரு நாள் விளையாட்டுக்குப் போய்க் குட்டையில குடிச்சுட்டு வந்தான். ரெண்டு நாள் தண்ணி தண்ணியாப் போச்சு."

"அப்புறம்?"

"போகப் போக ஊத்துத் தண்ணியைக் குடுத்துக்கிட்டே இருந்தேன். போறதை ஈடு கட்டணுமில்ல? எழுந்துட்டான். அதோ பாரு!"

மான்குட்டி மணலில் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தது. துருவிக்கு இன்னும் ஆயிரம் கேள்வி இருந்தது. ஆனால் பொட்டுவின் காய்ந்த உதடு நினைவுக்கு வந்தது. திரும்பி ஓடியது.

"செம்பியக்கா, குட்டியைத் தூக்குங்க! ஓடை ஊத்துல தண்ணி குடுக்கணும்!"

செம்பி சீறியது. "மூணைப் பறிகொடுத்தவ நான்! நாலாவதை வெச்சு நீ சோதிச்சுப் பார்க்கப் போறியா?"

துருவி மெதுவாகச் சொன்னது: "எனக்கும் பயமாத்தான் இருக்கு அக்கா. நான் சொல்றதை நம்ப வேணாம். பூவாளோட பையனை வந்து பாருங்க. பார்த்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க."

செம்பி குட்டியைக் கவ்விக்கொண்டு போனது. மான்குட்டியைப் பார்த்தது. பூவாளிடம் நாலு வார்த்தை பேசியது. பிறகு பொட்டுவை ஊற்றருகே இறக்கிவிட்டது. பொட்டு ஒரு சொட்டு நக்கியது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு சொட்டு. செம்பி அசையாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

துருவி குட்டைக்குத் திரும்பியது. இத்தனை நாள் நன்றாக இருந்த தண்ணீர் இப்போது ஏன் கெட்டது? கரையைச் சுற்றி வந்து பார்த்தது. மழைத் தண்ணீர் ஓடிய தடம் குட்டைக்குள் இறங்கியிருந்தது. தடத்தைப் பிடித்து மேலே ஏறியது. புதர் மறைவில் மான் புழுக்கை. மேட்டில் பன்றிச் சாணம். தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் அங்கேயே ஒதுங்கிவிட்டுப் போயிருந்தார்கள். மழை அத்தனையையும் வழித்துக் குட்டையில் கொட்டியிருந்தது. ஒரு கல்லுக்குப் பின்னால் பார்த்ததும் துருவி நின்றுவிட்டது. அங்கே கிடந்தது அதனுடையதேதான்.

இனி செம்பியின் முகத்தில் எப்படி விழிப்பது?

மாலையில் எல்லோரும் கூடினார்கள். முள்ளம்பன்றிகளையும் இழுத்து வந்து ஓரமாக விட்டிருந்தார்கள்.

"யாரையும் விரட்ட வேணாம்!" என்றது துருவி. "கெட்டது குட்டைத் தண்ணி. கரையில நீங்க ஒதுங்கினதெல்லாம் மழையில கரைஞ்சு உள்ளே போயிருக்கு!"

"என்ன சொன்னே?" கட்டையன் பாய்ந்து எழுந்தது. "எங்க தாத்தா குடிச்ச தண்ணி இது! எங்களையா அழுக்குங்கிறே?"

மான்களும் முறைத்தன. துருவி தலையைக் குனிந்தது.

"நீங்கன்னு சொன்னது தப்பு. நாமன்னு சொல்லியிருக்கணும். அந்தக் கல்லுக்குப் பின்னால கிடக்கிறது என்னுது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒரு கிழமான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "புதருக்குள்ள இருக்கிறது... என்னுதுதான்," என்றது.

அப்போது செம்பி வந்து சேர்ந்தது. அதன் வாயிலிருந்து இறங்கிய பொட்டு, தள்ளாடித் தள்ளாடி நாலடி நடந்தது.

"ஊத்துத் தண்ணி குடுத்தேன்," என்றது செம்பி. "முன்னாடியே தெரிஞ்சிருந்தா..." குனிந்து பொட்டுவை நக்கிக்கொடுத்தது.

கட்டையனின் குரல் இறங்கிவிட்டது. "அந்த ஓடை எவ்வளவு தூரம்! படுத்துக் கிடக்கிறவங்க எப்படிப் போவாங்க?"

ஓரத்தில் நின்ற சிலும்பன் வாயைத் திறந்தது. "ஓடை வளைஞ்சு குட்டைக்கு மேலே, யாரும் ஒதுங்காத பக்கமா வருது. அங்கே தோண்டித் தர்றோம். மண்ணைத் தோண்டுறது எங்களுக்குக் கைவந்த வேலை. எங்கள்ல மூணு பேரால நிக்க முடியுது."

கட்டையன் தன் மூக்கால் மண்ணை ஒருமுறை கிளறியது. "நானும் வர்றேன்," என்றது.

விடிவதற்குள் நாலு ஊற்றுகள் தயாராயின. உடனே நோய் நின்றுவிடவில்லை. மறுநாளும் ஒரு மான் செத்தது. ஆனால் எல்லோரும் குட்டையை விட்டுவிட்டு ஊற்றில் குடித்தார்கள்; படுத்தவர்களுக்கு அடிக்கடி ஊற்றுத் தண்ணீர் கொடுத்தார்கள். ஒதுங்குவதற்கு ஊற்றுக்கும் குட்டைக்கும் கீழே பள்ளத்துப் பக்கம் தனி இடம் பார்த்து, மண்ணைத் தள்ளி மூடினார்கள். பத்தாம் நாள், புதிதாக யாரும் படுக்கவில்லை.

ஒரு மாதம் போனது. பக்கத்துக் காட்டிலிருந்து கட்டையனின் மைத்துனன் விருந்துக்கு வந்தது. ஊற்றுப் பக்கமாகவே ஒதுங்கப் போனது.

"நில்லு மாப்ளே, நில்லு!" என்று கட்டையன் குறுக்கே பாய்ந்தது. "உங்க காட்டுல எங்கே ஒதுங்குறீங்க? எங்கே குடிக்கிறீங்க? மழை பெஞ்சா அந்தத் தண்ணி எங்கே போய்ச் சேருது? யோசிச்சிருக்கீங்களா?"

"இதெல்லாம் உனக்கு யாரு மச்சான் சொல்லிக் குடுத்தது?"

"யாரு சொல்லிக் குடுக்கணும்? நாலு வீட்டுல விசாரிச்சா தெரியாதா!"

புதருக்குள் இருந்த துருவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. பிறகு தன் வழியே போனது.

நோய் வந்தால் யாரை விரட்டலாம் என்று தேடாமல், அது எந்த வழியாக வந்தது என்று கேட்டு, அந்த வழியை எல்லோரும் சேர்ந்து அடைக்கிற ஊரே பிழைக்கும்.