எதிர்வீட்டுத் தூக்கு

இனி வகுப்புக்கு வருவதில்லை என்று சொல்லிவிட்டுப் போகத்தான் அருணகிரி வந்தார். சொல்லாமலே நின்றிருக்கலாம். ஆனால் மனிதர் மரியாதை தெரிந்தவர்.

உறையூரில் ஒரு மாடி வீட்டில் தியானம் சொல்லித்தரும் சிவகாமிக்கு அவரைவிட இருபது வயது குறைவு. இருந்தாலும் எல்லாரையும் போல அவரும் ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுவார். அவர் வந்தபோது அம்மா அடுப்படியில் கொண்டைக்கடலை வடித்துக்கொண்டிருந்தார்.

“இனி வராததுக்கு என்ன காரணம்?”

“துணைக்கு ஆள் கிடைச்சாச்சும்மா.”

செல்போனைக் காட்டினார். மனைவி இறந்த பிறகு தனியாகக் கிடந்த அப்பாவுக்கு, வெளிநாட்டிலிருக்கும் மகன் அதில் ஒரு செயற்கை நுண்ணறிவுத் தோழியை ஏற்றிக் கொடுத்திருந்தான். பெயர் மைனா.

“சாப்பிட்டீங்களான்னு கேக்குது. சொன்ன ஜோக்கையே திருப்பிச் சொன்னாலும் சிரிக்குது. மனுஷங்ககிட்ட அப்படி என்னம்மா இருக்கு, இதுகிட்ட இல்லாதது?”

அம்மா கரண்டியை அவர் கையில் கொடுத்தார்.

“இந்தச் சுண்டலைத் தாளிங்க.”

வாழ்நாளில் அடுப்புப் பக்கம் போகாத மனிதர். கடுகைக் கருக்கி, உப்பை அள்ளிப் போட்டு, ஒருவழியாக இறக்கினார். அம்மா ஒரு வாய் போட்டுப் பார்த்தார்.

“உப்பு தூக்கல்.”

அருணகிரிக்குச் சுருக்கென்றது. அவரிடம் குறை சொல்ல ஆளில்லாமல் போய் இரண்டு வருடமாகிறது. கொஞ்சம் வலித்தது, கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

“எதிர்வீட்டு ரெஜினா ஏதாவது செஞ்சு கொடுத்துக்கிட்டே இருப்பாங்கன்னு சொல்வீங்களே. இப்ப?”

“கடைசியா ஒரு தூக்குல பாயசம் கொடுத்தாங்க. அந்தத் தூக்கு இன்னும் என்கிட்டதான் இருக்கு. வெறுந்தூக்கா எப்படித் திருப்பிக் கொடுக்கறது? எனக்கோ சமைக்கத் தெரியாது. இப்பல்லாம் அவங்க தலை தெரிஞ்சாலே கதவைச் சாத்திக்கறேன்.”

“மைனாகிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேன். வருத்தப்படாதீங்க, அவங்க புரிஞ்சுக்குவாங்கன்னுச்சு.”

அம்மா சுண்டல் சட்டியை அவர் பக்கம் நகர்த்தினார். அருணகிரிக்கு முகம் மலர்ந்தது.

“இதை அந்தத் தூக்குல போட்டுக் கொடுத்துடறேன். அதோட விஷயம் முடிஞ்சுடும்.”

“பாதியை அதுல போடுங்க. மீதியை உங்க வீட்டுப் பாத்திரத்துல போட்டுக் கொடுங்க.”

“ரெண்டு எதுக்கும்மா? ஒரு தூக்கே கொள்ளுமே.”

“உங்க பாத்திரத்தை மட்டும் அவங்க வெறுமனே திருப்பிக் கொடுத்துடுவாங்களா?”