கயிற்று மனையில் ஒரு வேளைச் சாப்பாடு

முன்னொரு காலத்தில் மருதங்கோடு என்ற நாட்டை விறல்மாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவனா கெட்டவனா என்று கேட்டால், அன்று காலை எப்படி எழுந்தான் என்று அந்தப்புரத்தில் விசாரித்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். மழை பொய்த்து நாடு காய்ந்து கிடந்த சமயத்தில் அவனுக்குப் புதுவீடு கட்டும் ஆசை வந்தது. ராணிகளுக்குத் தனித்தனிக் கட்டு, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முற்றம், தனக்குப் பெரிய தூண் மண்டபம்.

“செலவுக்கு எங்கே போவது?” என்று சபையில் கேட்டான்.

“கவலை எதற்கு, மகாராஜா? ஊர்க் களஞ்சியங்களில் விதைநெல் இருக்கிறதே! அயல்நாட்டுக்கு விற்றால் கல்லும் வரும், தேக்கும் வரும். அதை விட்டால் நாட்டில் ஒரு மணி நெல் கிடையாது” என்றான் பண்டார அதிகாரி கோளரி.

மனை அளக்க வந்திருந்த கொத்தனார் மாசிலானுக்கு மனசு கேட்கவில்லை. “விதையை வித்துட்டா சனங்க எதை விதைப்பாங்க, சாமி?” என்றார். அவ்வளவுதான். அளவுக்கயிறு பிடித்த வலது கையை அங்கேயே வெட்டவைத்தான் ராஜா. மனைச் சடங்கு முடிந்த சாயங்காலம் தலையையும் எடுப்பதாகத் தீர்ப்பு.

மந்திரி பொறையன் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. எதிர்த்துப் பேசினால் தன் தலையும் போகும், கொத்தனாரும் பிழைக்கமாட்டார். இது தெரிந்தும் தன் மௌனம் அவருக்கே அருவருப்பாக இருந்தது.

“மந்திரியாருக்கு வீட்டுத் திட்டம் பிடிக்கவில்லை போலிருக்கிறதே?” என்று கோளரி சீண்டினான்.

“பிடிக்காமல் என்ன? சடங்கை நானே நடத்தி வைக்கிறேன்” என்றார் பொறையன்.

மருதங்கோட்டில் ஒரு வழக்கம் உண்டு. அஸ்திவாரம் தோண்டுமுன் தரையில் முளையடித்து, கயிறு கட்டி அறைகளைக் குறிப்பார்கள். வீட்டுக்காரர் குடும்பத்தோடு அதற்குள் ஒரு வேளை சாப்பிட வேண்டும். கட்டி முடித்தபின் எப்படி வாழ்வார்களோ, அப்படியே அன்று வாழ்ந்து பார்ப்பது.

சடங்கன்று ராஜகுடும்பம் கயிறுகளுக்குள் உட்கார்ந்தது. இலை போட்டார்கள். சோறு வரவில்லை. வெயில் உச்சிக்கு ஏறியும் வரவில்லை. ராஜாவின் கடைக்குட்டி மகள் அடுக்களை என்று குறித்த இடத்துக்கு ஓடி, பானைக்குள் எட்டிப் பார்த்தாள்.

“அப்பா, ஒண்ணுமே இல்லை” என்று அழ ஆரம்பித்தாள்.

ராஜா வாளை உருவினான். “பொறையா! சோறு எங்கே?”

பொறையன் காலி இலையைச் சுட்டிக் காட்டினார். “இது வீடு கட்டி முடித்த பிறகு நாம் சாப்பிடப்போகும் சாப்பாடு, மகாராஜா. விதைநெல் தூணாகிவிட்டது. யாரும் விதைக்கவில்லை, யாரும் அறுக்கவில்லை. எந்த அறையிலிருந்து சோறு கொண்டுவரட்டும்? தாங்களே சொல்லுங்கள்.”

பெயர் வாங்க இதுதான் சமயம் என்று கோளரி முன்னால் பாய்ந்தான். “அரண்மனையாவது, பட்டினி கிடப்பதாவது! என் வீட்டுக் குதிர்களில் வருஷக்கணக்கில் சாப்பிட நெல் இருக்கிறது, மகாராஜா. இதோ, வண்டி கட்டச் சொல்கிறேன்!”

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“நாட்டில் ஒரு மணி நெல் கிடையாது என்றாயே?” என்றான் ராஜா. அழுதுகொண்டிருந்த மகளைத் தூக்கிக்கொண்டு, உருவிய வாளால் கயிறுகளை அறுத்தான். கோளரியின் குதிர்களைத் திறந்து, பசித்து வந்தவர்களுக்கெல்லாம் அவனே தன் கையால் அளந்து போட வேண்டும் என்று உத்தரவிட்டான். விதைநெல் களஞ்சியத்திலேயே தங்கியது.

பிறகு தன் முத்துமாலையைக் கழற்றிப் பொறையனிடம் நீட்டினான். அவர் பின்வாங்கினார்.

“சொல்ல வேண்டியதை அன்றைக்கே சொன்னவர் சிறையில் இருக்கிறார், மகாராஜா. இது அவருக்குச் சேர வேண்டியது.”

மாசிலானை விடுவித்து அழைத்துவந்தார்கள். தலை தப்பியது என்பதை அவர் இன்னும் நம்பவில்லை. ராஜாவே இறங்கிப்போய் மாலையை நீட்டினான். கொத்தனார் இடது கையை மட்டும் நீட்டினார்.

“ராசா குடுக்கறதை ரெண்டு கையாலயும் வாங்கணும், சாமி. மன்னிச்சுக்கணும்” என்றார்.