ஓர் ‘ஆகவே’ வேண்டும்

“அம்மா, என் வாக்கியங்கள் ஒன்னோட ஒன்னு பேசிக்கிறதில்லையாம்” என்றார் கோதண்டம்.

“யார் சொன்னது?”

“டிரஸ்ட்டுக்காரங்கதான். இங்கிலீஷ்ல தப்பில்லையாம். ஆனா தந்தி அடிச்ச மாதிரி இருக்காம்.”

உலகநாயகி அம்மையார் சிரித்தார்.

மலையேறி வந்து இந்த ஆசிரமத்தைத் தொடங்குவதற்கு முன் அவர் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். கோதண்டத்தைவிட வயதில் மிகவும் இளையவர். கோதண்டம் நூற்பாலை ஒன்றில் கடிதங்கள் எழுதியே தலை நரைத்தவர். மௌனம் வேண்டும் என்று வந்தவருக்கு அம்மையார் கொடுத்தது, ஆசிரமத்தின் கடிதப் போக்குவரத்தை.

“இந்தத் தடவை யாரும் அப்படிச் சொல்ல முடியாது” என்று கோதண்டம் புதிய அறிக்கையை நீட்டினார். “இணைப்புச் சொல்லுக்குன்னே ஒரு கைடு வாங்கிப் படிச்சேன். ஒரு மூட்டு விடலை. எல்லாத்துலயும் ஆணி அடிச்சிருக்கேன்.”

அறிக்கை, களஞ்சியம் எரிந்ததைப் பற்றியது.

கார்த்திகை தீபத்தன்று எல்லோரும் உச்சிப் பாறைக்கு, சொக்கப்பனை கொளுத்தப் போயிருந்தார்கள். திரும்பி இறங்கும்போது களஞ்சியத்தின் கூரை விழுந்துகொண்டிருந்தது. ஒரு வருஷத்து நெல். யாரும் கிட்டே போக முடியவில்லை. தானாக எரிந்து தானாக அடங்கியது.

எப்படி எரிந்தது, யார் பொறுப்பு என்று டிரஸ்ட் கேட்டிருந்தது. ஆசிரமத்தின் செலவைப் பார்க்கும், பல மாநிலத்தவர் உள்ள டிரஸ்ட். அதனால் ஆங்கிலத்தில் கேட்டிருந்தது.

அம்மையார் வாய்விட்டுப் படித்தார்.

“சமையல்காரி இசக்கியம்மாள் களஞ்சிய வாசலில் விளக்கு வைத்தாள். தேர்ஃபோர், களஞ்சியம் தீப்பிடித்தது.”

கோதண்டம் தலையசைத்தார். அந்த ‘தேர்ஃபோர்’ அவருக்கே பிடித்திருந்தது. ஆகவே. கதவுக்குத் தாழ்ப்பாள் விழுகிற ஓசை அதில் இருந்தது.

“அவள் ஒரு விதவை. மோர்ஓவர், எழுதப் படிக்கத் தெரியாதவள்.”

அம்மையார் நிமிர்ந்தார். “விதவை. அதுக்கு மேல, படிக்காதவ. ரெண்டையும் சேர்த்து உரசினா நெருப்பு வருமா?”

“ஒரு ஓட்டத்துக்காகப் போட்டதும்மா.”

“எங்க ஓடுது?”

அம்மையார் மேஜையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். ‘மோர்ஓவர்’ என்ற சொல்லைச் சுற்றிச் சின்னதாக வெட்டினார். அடுத்து ‘ஃபர்தர்மோர்’. அடுத்து ‘கான்சிக்வென்ட்லி’. கடைசியாக ‘தேர்ஃபோர்’. வெட்டிய துண்டுகளைக் காற்று கொண்டுபோகாமல் ஜன்னல் விளிம்பில் ஒரு டம்ளருக்கு அடியில் வைத்தார்.

பிறகு அந்தக் காகிதத்தைத் தூக்கி ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார்.

“இது வழியா பாருங்க.”

கோதண்டம் குனிந்து பார்த்தார்.

விளக்குக்கும் நெருப்புக்கும் நடுவே இருந்த ஓட்டையில் சமையற்கட்டு வாசல் தெரிந்தது. அங்கே இசக்கி ஒரு பழைய சேலையை விரித்துத் தன் தட்டையும் மாற்றுத்துணியையும் வைத்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

“நீங்க எழுதினதுல நான் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு அவ கீழ இறங்கணும்” என்றார் அம்மையார். “கீழ அவளுக்கு யாரும் இல்லை. தெரியும்ல?”

“தெரியும்மா. ஆனா நடந்தது நடந்ததுதானே? விளக்கு வச்சா. எரிஞ்சுது. நடுவுல அந்தச் சொல்லைத் திருப்பிக் குடுங்க.”

“குடுக்கிறேன். முதல்ல அந்த நடுவுல போய் நின்னு பார்த்துட்டு வாங்க.”



இசக்கி அவரைக் கண்டதும் மூட்டையைக் காலால் ஒதுக்கினாள்.

“வாங்க அண்ணாச்சி. எழுதியாச்சா? நாளைக்கு பஸ்ஸு எப்ப?”

“நீ அன்னைக்கு விளக்கை எங்க வச்சே?”

“எங்க வைப்பாக? வாசப்படியிலதான். தொழுவத்துக்கு வச்சேன், குப்பைக்குழிக்கும் வச்சேன். கார்த்திகையன்னைக்கு ஒரு வாசலும் இருட்டா கெடக்கக் கூடாதுல்லா?”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன அண்ணாச்சி? விளக்கு வச்சேன். பத்திக்கிட்டுது.”

அவள் பேச்சில் இணைப்புச் சொல் ஒன்றுகூட இல்லை. இரண்டே வாக்கியம். நடுவில் ஒரு மூச்சு. அந்த மூச்சில் அவள் தானாகவே கழுத்தை நீட்டியிருந்தாள்.

“நீ பார்த்தியா?”

“எதை?”

“விளக்குல இருந்து பத்தினதை.”

“நானும்லா உங்ககூட மேல நின்னேன். கொழுக்கட்டைச் சட்டியைச் சுமந்தது யாரு? நீங்களா?”



களஞ்சியத்துக்குப் போகும் பாதையில் இன்னும் புகை வாடை இருந்தது. எரிந்த நெல்லின் வாடை கொஞ்சம் பொரியின் வாடை போல இருக்கும்.

அறிக்கை எழுதும்போது அவர் இங்கே வரவில்லை. எழுதுவதற்கு வர வேண்டியிருக்கவில்லை.

வாசற்படியெங்கும் சாம்பல். மேல்துண்டை எடுத்துத் துடைத்தார்.

முதலில் ஒரு செம்மண் கோடு வந்தது. பிறகு வெள்ளை. இன்னும் துடைத்தார். அரிசி மாவைக் கரைத்துப் போட்ட கோலம், ஓர் இழைகூடக் கருகாமல், பல் தெரியச் சிரிப்பதுபோல வெளியே வந்தது. அதன் நடுவில் அகல் விளக்கு நிமிர்ந்தே நின்றது. அடியில் கொஞ்சம் எண்ணெய், அதன்மேல் சாம்பல்.

அவர் கதவைப் பார்த்தார். மேல்பாதி கரிக்கட்டை. கீழ்ப்பாதியில் பச்சைப் பெயின்ட் அப்படியே இருந்தது.

கோதண்டம் அந்தப் படியில் உட்கார்ந்தார். ஒரு காகம் வந்து அகலில் மூக்கை நுழைத்துப் பார்த்துவிட்டுப் போனது.

தண்ணீர்க் குடத்தோடு அந்தப் பக்கம் வந்த இசக்கி நின்றாள்.

“என்ன அண்ணாச்சி, உடம்பெல்லாம் சாம்பலு? சாமியாராவே ஆயிட்டீகளா?”

அவர் மேல்துண்டை உதறிவிட்டு எழுந்து போனார்.



“பார்த்தீங்களா?” என்றார் அம்மையார்.

“பார்த்தேன். ஒரு ‘தேர்ஃபோர்’ வேணும்மா.”

“எதுக்கும் எதுக்கும் நடுவுல?”

“விளக்குக்குக் கீழ இருந்த கோலம் கருகலை. கதவோட கீழ்ப்பாதி எரியலை.” அவர் நிறுத்தி மூச்சு விட்டார். “நெருப்பு வாசல்ல ஆரம்பிக்கலை. மேலேயிருந்து இறங்கியிருக்கு.”

அம்மையார் டம்ளரைத் தூக்கினார். துண்டுகளில் ஒன்றைத் தேடி எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

“இன்னொன்னு வேண்டாமா? மேல கரண்ட் கம்பி போகுதே. அது பழசு. மாத்தணும்னு நீங்களே டிரஸ்ட்டுக்கு எழுதியிருக்கீங்க.”

கோதண்டத்துக்கு ஆசையாகத்தான் இருந்தது. அந்த வாக்கியம் தானாக வந்து நாக்கில் உட்கார்ந்தது. நன்றாகவும் ஓடியது.

“கம்பி கருகித்தான் கிடக்கு. ஆனா மேல எல்லாமே கருகிக் கிடக்கும்மா.”

“அப்போ சொக்கப்பனை? அன்னைக்குக் காத்து கீழ்நோக்கி அடிச்சுது. பொறி பறந்துது. கொளுத்தினது நான். ‘அவர் கொளுத்தினார். ஆகவே.’ நல்லாத்தானே இருக்கு?”

அவர் அம்மையாரின் முகத்தைப் பார்த்தார். அதில் விளையாட்டு இல்லை.

“காத்து அடிச்சுது. பொறி பறந்துது” என்றார் மெதுவாக. “கூரை மேல விழுந்ததை நான் பார்க்கலை.”

அம்மையார் டம்ளரை மீண்டும் துண்டுகளின் மேல் கவிழ்த்தார்.

“எழுதி, அதை ஒட்டிட்டுக் கொண்டு வாங்க. கையெழுத்துப் போடறேன்.”



புதிய தாளில் எழுத அதிக நேரம் பிடிக்கவில்லை. அறிக்கை சின்னதாகிவிட்டது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் இடம் விட்டிருந்தார்.

ஆசிரமத்தில் கோந்து தீர்ந்திருந்தது. அவர் சமையற்கட்டுக்குப் போனார்.

“இசக்கி, ஒரு பருக்கை சோறு குடு.”

“ஒரு பருக்கையா? விரதமா அண்ணாச்சி?”

“ஒட்டணும்.”

அவள் பானையைத் திறந்து விரல் நுனியில் ஒரு பருக்கையை எடுத்து நீட்டினாள். அவர் அதைத் துண்டின் பின்னால் நசுக்கித் தேய்த்து, விட்ட இடத்தில் வைத்து அழுத்தினார்.

“என்ன எழுதியிருக்கு அதுல?”

“நெருப்பு உன் விளக்குல இருந்து வரலைன்னு.”

இசக்கி அடுப்பின் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்தாள், கால் வலி அப்போதுதான் தெரிந்தவள்போல. முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள்.

“நெசமாவா?”

“நெசமா. போய்ப் பார்த்துட்டு வந்தேன்.”

“அப்ப யாரு அண்ணாச்சி எரிச்சது?”

“தெரியாது.”

அவள் அந்தக் காகிதத்தை எட்டிப் பார்த்தாள்.

“தெரியாதுன்னு இங்கிலீஷ்ல எழுதலாமா?”