டிக்கியில ஏறுன டீச்சர்

"லைசென்ஸ் வாங்கி நாலு மாசமாச்சுங் டீச்சர். எந்த வண்டி வாங்கறதுன்னு இன்னும் முடிவு பண்ண முடியல."

செங்கோட்டுவேல் இப்படிச் சொன்னப்ப ஜெனிட்டா டீச்சர் வேகவெச்ச கடலைக்காய உரிச்சுக்கிட்டிருந்தாங்க.

அவருக்கு வயசு அறுபது. திருச்செங்கோட்டுல ஒம்பது போர்வெல் லாரி ஓடுது அவர் பேருல. ஆனா முப்பத்தஞ்சு வருசமா அவரு காரை ஓட்டுனது டிரைவர்தான். டீச்சருக்கு முப்பத்திநாலு. டிரைவிங் ஸ்கூல் நடத்தறாங்க. அவருக்கு ஓட்டக் கத்துக்குடுத்ததே அவங்கதான்.

அவரு நோட்டைப் பிரிச்சாரு. வெள்ளை வண்டி ஒண்ணு, நீல வண்டி ஒண்ணு. ரெண்டும் பின்னாடி நீளமான சொகுசு வண்டி. டிக்கியில ஒரு வீல்சேரு தாராளமாப் போகும். நாப்பத்தியொரு பாயிண்டு எழுதியிருந்தாரு.

"ரெண்டுமே கரண்ட்லயும் ஓடும், பெட்ரோல்லயும் ஓடும். சார்ஜ் போட்டா அறுபது கிலோமீட்டர். கரண்டு தீந்தா அதுவே பெட்ரோலுக்கு மாறிக்கும். நடுவழியில நிக்காதுங்."

"பெட்ரோலும் தீந்துட்டா?"

செங்கோட்டுவேல் பேனாவை எடுத்து நாப்பத்திரெண்டுன்னு போட்டாரு.

"வண்டி யாருக்கு சார்?"

"வீட்டுக்காரிக்குங்."

பூங்கோதைக்கு இடுப்பு ஆபரேஷன் ஆகி எட்டு மாசம். வாசலைத் தாண்டல.

"டிரைவர் ஓட்டுனா ஏறமாட்டாளாமா. காலம் பூரா நீங்க முன்னாடி உக்காந்து போன் பேசுவீங்க, நான் உங்க பொடனியப் பாத்துட்டே வரணும், நீங்க ஓட்டுனா வர்றேன், இல்லாட்டி இந்தக் கட்டிலே போதும்ங்கறா."

"சரி. தனியா எத்தனை தடவை ஓட்டுனீங்க?"

"நீங்க பக்கத்துல இருந்தா ஓட்டிருவனுங்."

ஸ்கூல் காருல டீச்சர் காலுக்குக் கீழயும் ஒரு பிரேக்கு உண்டு.

"ஷோரூம்லயும் கேட்டுப் பாத்தனுங், இடது பக்கம் ஒரு பிரேக்கு வெச்சுக் குடுப்பீங்களான்னு. சிரிக்கறாங்க."

"வெச்சா, அங்க யாரு உக்காருவா?"

"நீங்கதானுங். சம்பளம் பேசிக்கலாம்."

"அப்ப உங்க வீட்டம்மா?"

செங்கோட்டுவேல் நோட்டை மூடுனாரு.

"நாளைக்குக் காலையில ரெண்டு வண்டியையும் உங்க வீட்டுக்கு வரச் சொல்லுங்க சார்."

வந்துச்சு. நீல வண்டி முன்னாடி நின்னுச்சு. நோட்டை வாசல் நாற்காலியில வெச்சுட்டு அவரு ஸ்டியரிங்கப் புடிச்சு உக்காந்தாரு. டீச்சர் இடது பக்கம் வரல. பின்னாடி போயி, டிக்கியத் திறந்து, ஏறி, முழங்காலைக் கட்டிக்கிட்டு உக்காந்தாங்க.

சேல்ஸ்மேன் பதறிட்டாரு. "மேடம், அது லக்கேஜ் வெக்கற எடம்!"

"இன்னைக்கு நான்தான் லக்கேஜு."

"டீச்சர், பிரேக்கு?" முன்னாடியிருந்து கேட்டாரு செங்கோட்டுவேல்.

"உங்க காலுக்குக் கீழ பாருங்க."

வாசல்ல வீல்சேர்ல இருந்த பூங்கோதைக்குச் சிரிப்பு வந்திருச்சு. சேல்ஸ்மேன் தோளப் புடிச்சு, மெதுவா, முன் சீட்டுல ஏறி உக்காந்தாங்க. சேல்ஸ்மேனே வீல்சேரைப் பின்னாடி தள்ளிட்டுப் போனாரு. டிக்கி மூடற சத்தம். சேல்ஸ்மேன் பின் சீட்டுல ஏறி, மேல இருந்த கைப்பிடிய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டாரு.

வண்டி சத்தமே போடாம நகந்துச்சு.

மலையடிவார ரோட்டுல டவுன் பஸ் ஒண்ணு சொல்லாமக் கொள்ளாம நின்னுச்சு. செங்கோட்டுவேல் கால் தானா மிதிச்சுது. வண்டியும் நின்னுச்சு.

"சரிங்களா டீச்சர்?"

பதிலில்லை. டீச்சர் திட்டலைன்னா சரின்னு அர்த்தம். ஸ்கூல் காருலயும் அப்படித்தான்.

பூங்கோதை கண்ணாடிய இறக்கிவிட்டாங்க. "ஏனுங், இங்க எப்பப் பாலம் கட்டுனாங்க?"

"ஆறு மாசம் இருக்கும்."

போன் அடிச்சுது. அவரு எடுக்கல. ரெண்டு கைக்கும் வேலை இருந்துச்சு.

திரும்பி வீட்டு வாசல்ல நிறுத்துனாரு. நாற்காலியில ஜெனிட்டா டீச்சர் கடலைக்காய் உரிச்சுக்கிட்டிருந்தாங்க.

அவரு ஓடிப்போயி டிக்கியத் திறந்தாரு. வீல்சேர் மட்டும் இருந்துச்சு.

"எப்ப எறங்குனீங்க?"

"வீல்சேர் ஏத்துனப்ப. ரெண்டு பேருக்கு எடம் பத்தல."

செங்கோட்டுவேல் வண்டி மேல சாஞ்சு நின்னாரு. போர் போடறப்ப எண்ணூறு அடியில தண்ணி பட்ட மாதிரி மூச்சு பொங்கிட்டு வந்துச்சு.

"இப்பச் சொல்லுங்க சார். எந்த வண்டி?"

நோட்டைத் தேடுனாரு. அது டீச்சர் மடியில விரிஞ்சு கிடந்துச்சு, நாப்பத்திரெண்டு பாயிண்டு மேலயும் கடலைத் தொலி.

வீல்சேரை இறக்கி முன் கதவுகிட்டக் கொண்டுவந்தாரு. பூங்கோதைய அதுல உக்கார வெச்சு வீட்டுப் பக்கம் திருப்புனாரு.

"அங்க எதுக்கு என்னையத் தள்ளறீங்க? அந்த வெள்ளை வண்டிகிட்டத் தள்ளுங்க."